காணாப் பொருளும் கேட்கும் கதையும்: 'டேல்ஸ் ஃப்ரம் த வால்ட்' ஒலிநாடகத்தில் கதைகூறல்

முன்னுரை

மேடை நாடகம் கண்ணுக்கும் செவிக்கும் உரியது. ஒலிநாடகமோ செவிக்கு மட்டுமே உரியது. ஆகவே, பொருள்களைக் காட்சிக்கு வைத்த கருவூலம் ஒன்றை ஒலிநாடகத்தின் களமாகக் கொள்வது முதல் நோக்கில் முரணாகத் தோன்றும். பிரித்தானியாவின் பிக் ஃபினிஷ் நிறுவனம் 2011இல் வெளியிட்ட, ஜோனத்தன் மாரிஸ் எழுதிய 'டேல்ஸ் ஃப்ரம் த வால்ட்' (கருவூலக் கதைகள்) இம்முரணையே தன் கதைகூறலுக்கு அடிப்படையாக்குகிறது. அதன் முறையினை இக்கட்டுரை விளக்குகிறது.

நாடக அமைப்பு

பிபிசி தொலைக்காட்சியில் 1963இல் தொடங்கிய 'டாக்டர் ஹூ' என்னும் அறிவியல் புனைவுத் தொடரின் உலகைச் சார்ந்தது இந்நாடகம். வேற்றுலகத் தாக்குதல்களிலிருந்து புவியைக் காக்கும் 'யூனிட்' என்னும் படையமைப்பு, தன் வசமுள்ள வேற்றுலகப் பொருள்களைக் கருவூலத்தில் காத்துவருகிறது. கேப்டன் ரூத் மாதெசன், புதிதாக வந்த சார்லி சாட்டோவுக்கு அவற்றைச் சுற்றிக்காட்டுகிறார். படைவீரரின் மேலங்கி, ஓவியம், மெழுகு உருளை, நினைவுப் படிகம் ஆகியன அவற்றுள் முதன்மை பெறுகின்றன. டாக்டரின் பயணத் துணைவர்களான ஸ்டீவன், ஜோயி, ஜோ கிராண்ட், ரொமானா ஆகிய நால்வரின் குரல்கள் உட்கதைகளைக் கூறுகின்றன.

வினவுவோரும் விடையளிப்போரும்

1924இல் பிபிசி ஒலிபரப்பிய ரிச்சர்ட் ஹியூசின் 'டேஞ்சர்' நாடகம், விளக்கணைந்த நிலக்கரிச் சுரங்கத்தில் நிகழ்வது. அங்குக் கதைமாந்தரும் கேட்போரும் ஒருங்கே காணும் வாய்ப்பை இழக்கின்றனர். கருவூலத்திலோ மாந்தர் காண்கின்றனர். கேட்போர் மட்டுமே காண்பதில்லை. இவ்விடைவெளியை நிரப்பவே புதியவர் ஒருவர் தேவைப்படுகிறார். அறிந்தவர் இருவர் ஒரு பொருளைப் பற்றி விளக்கிப் பேசிக்கொள்வது செயற்கையாகும். அறியாதவர் வினவ, அறிந்தவர் விடையளிப்பது இயல்பாகும். சாட்டோவின் வினாக்கள் கேட்போரின் வினாக்களாகவே அமைகின்றன.

பொருளும் குரலும்

நான்கு பொருள்களும் இருவகைப்படும். மேலங்கியும் ஓவியமும் காட்சிக்கும் தீண்டலுக்கும் உரியன, தாமே பேசமாட்டா. மெழுகு உருளையும் நினைவுப் படிகமும் பதிவுக் கருவிகள். முன்னது ஒலியையும் பின்னது நினைவையும் தாங்குகின்றன. பின்னிரண்டும் ஒலிநாடகத்தின் இயல்பையே சுட்டும் குறியீடுகள் எனலாம். இந்நாடகமும் பதிவு செய்யப்பட்ட குரல்தானே!

துணைவர் நால்வருக்கும் குரல் தந்தோர், 1960களிலும் 1970களிலும் தொலைக்காட்சியில் அவ்வேடங்களை ஏற்ற பீட்டர் பர்வ்ஸ், வெண்டி பேட்பரி, கேட்டி மேனிங், மேரி டாம் ஆகியோரே. பல்லாண்டுகளுக்குப்பின் ஒலிக்கும் அக்குரல்கள், தொடரை அறிந்தோர்க்குத் தாமும் காக்கப்பட்ட தொல்பொருள்களாகின்றன. வசனத்தை மட்டும் அச்சில் படிப்போர்க்கு இப்பொருள்நிலை புலப்படாது.

விக்கிரமாதித்தன் கதையில் அரியணைப் படிகளின் பதுமைகள் ஒவ்வொன்றாகக் கதை கூறுவதை இங்கு ஒப்புநோக்கலாம். ஆங்குக் கதை, அரியணையில் ஏற முற்படுவோனின் தகுதியை வினவுகிறது. ஈங்குக் கதை, பொருளைக் காப்போரின் அறிவை நிறைவு செய்கிறது. இரண்டிலும் பொருளை உடைமையாகக் கொள்வதும் அதன் கதையை அறிவதும் வெவ்வேறு என்பது உணர்த்தப்படுகிறது.

முடிவுரை

காண இயலாமை இந்நாடகத்தில் குறையாகாது. கதை பிறப்பதற்குரிய காரணமாகிறது. கதையறியாது காக்கப்படும் பொருள் பட்டியலில் ஓர் எண்ணாக எஞ்சும். கூறுவோரின் குரலே அதற்கு வரலாறு தருகிறது. எனவே ஒலிநாடகத்தை ஆராய்வோர் எழுத்துப் பிரதியோடு அமையாது, குரலையும் ஆய்வுமூலமாகக் கொள்ளுதல் வேண்டும்.