எந்தத் திரைவாசிப்பான் நல்லது?

கணினித் திரையில் உள்ளதைப் பார்வையற்றவர்களுக்குப் பேசிக்காட்டும் திரைவாசிப்பான்களின் குரல்களில் ஒன்று ஈஸ்பீக். அதை முதன்முறை கேட்கும் பார்வையுள்ளவர்கள் முகம் சுளிப்பதுண்டு. கரகரப்பான, ஏற்ற இறக்கம் அதிகமில்லாத இயந்திரக் குரல் அது. பழகிய பார்வையற்றவர்களோ அதையே நிமிடத்துக்கு 400 சொற்களுக்கு மேல் ஓடவிட்டு, மின்னஞ்சலைப் படித்து, பதிலும் எழுதி அனுப்பிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். சாதாரணப் பேச்சின் வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 150 சொற்கள்தான்.

இந்தக் குரல் ஒருவர் பேசிப் பதிவுசெய்த சொற்களால் ஆனதல்ல. வாய்க்குள் ஒலி எப்படி அதிர்கிறது என்பதைக் கணக்குப் போட்டு, பெரும்பாலான ஒலிகளைக் கணினியே அந்தந்த நேரத்தில் உருவாக்குகிறது. அதனால் மென்பொருளின் அளவு மிகச் சிறியது; விசையைத் தட்டிய உடனே பேசும்; வேகத்தை வெகுவாகக் கூட்டினாலும் எழுத்துகள் அதிகம் குழம்புவதில்லை. மனிதக் குரலைப் பதிவுசெய்து உருவாக்கிய இனிமையான குரல்கள் பல அந்த வேகத்தில் மழுங்கிவிடுகின்றன. நாவல் கேட்க அவை அருமையானவை. எட்டு மணிநேர அலுவலக வேலைக்குப் பலரும் ஈஸ்பீக்கையே நாடுவதற்குக் காரணம் இந்த வேகமும் தெளிவும்தான். ஆகவே, குரல் பிடித்திருக்கிறதா என்பதை மட்டும் வைத்துத் திரைவாசிப்பானைத் தேர்ந்தெடுத்தால் வேலை கெடும்.

திரைவாசிப்பான் என்று பெயர் இருந்தாலும், அது பெரும்பாலும் திரையைப் பார்ப்பதில்லை. திரையில் உள்ள ஒவ்வொரு பொருளும் என்ன, அதன் பெயர் என்ன, எந்த நிலையில் இருக்கிறது என்ற விவரப் பட்டியலை மென்பொருள்கள் விண்டோஸ் வழியாகத் தருகின்றன. அதை வாங்கித்தான் அது பேசுகிறது. ‘அனுப்பு, பொத்தான்’ என்று காதில் விழுந்தால், மென்பொருளை எழுதியவர் அந்தப் பொத்தானுக்குப் பெயர் வைத்திருக்கிறார் என்று பொருள். பெயர் வைக்காமல் ஒரு படத்தை மட்டும் ஒட்டியிருந்தால், வெறும் ‘பொத்தான்’. அழுத்தினால் பணம் போகுமா, பக்கம் மூடுமா என்பது தெரியாது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய திரைவாசிப்பானாலும் இல்லாத பெயரை உறுதியாகச் சொல்ல முடியாது.

இன்று விண்டோஸில் போட்டி பெரும்பாலும் இரண்டுக்கு நடுவில்தான். ஒன்று, விலை கொடுத்து வாங்க வேண்டிய ஜாஸ். மோட்டார் சைக்கிள் பந்தய வீரராக இருந்த அமெரிக்கர் டெட் ஹென்டர், 1978-ல் ஒரு கார் விபத்தில் பார்வையை இழந்தார். பின்பு கணினி நிரலாக்கம் கற்று, 1987-ல் கூட்டாளியுடன் நிறுவனம் தொடங்கினார். அங்கே உருவான ஜாஸ் முதலில் டாஸ் என்ற பழைய இயங்குதளத்தில் பேசியது. 1995-ல் விண்டோஸுக்கு வந்தது.

மற்றொன்று என்விடிஏ. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் 2006-ல் இதை எழுதத் தொடங்கினார். சிறுவயதில் இசை முகாம் ஒன்றில் அறிமுகமான நண்பர் ஜேம்ஸ் டெஹ் அவருடன் சேர்ந்துகொண்டார். இருவருமே பார்வையற்றவர்கள். கணினி வாங்கிய பிறகு அதைப் பயன்படுத்த இன்னொரு பெருந்தொகை கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்ற நிலை அவர்களுக்கு அநியாயமாகப் பட்டது. அவர்கள் எழுதிய மென்பொருளை இன்றும் எவரும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம்; நிரலைத் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். பல நாட்டுத் தன்னார்வலர்கள் அதைத் தங்கள் மொழிக்குக் கொண்டுவந்தார்கள். தமிழ் இடைமுகமும் அப்படி வந்ததுதான். கரனும் டெஹ்ஹும் எடுத்த அந்த முடிவு, ஏழை நாடுகளின் பார்வையற்ற மாணவர்களுக்கு எந்த அரசுத் திட்டத்துக்கும் குறையாத நன்மையைச் செய்திருக்கிறது.

இலவசம் என்பதற்காக என்விடிஏ எல்லா இடத்துக்கும் பொருந்திவிடாது. வங்கியிலும் பெரிய நிறுவனங்களிலும் அவர்களுக்கென்றே எழுதிய மென்பொருள்கள் இருக்கும். அவற்றில் பெயரில்லாத பெட்டிகளும் பட்டியல்களும் நிறைந்திருக்கும். அங்கே ஜாஸுக்கென்று தனி ஸ்கிரிப்ட் எழுதி, எந்தப் பெட்டியில் எதைச் சொல்ல வேண்டும் என்று பழக்கப்படுத்தும் வழக்கம் நீண்டகாலமாக உண்டு. அந்த வேலைக்குப் போகிறவருக்கு ஜாஸ் தெரிந்திருப்பது நல்லது. உரிமம் இல்லாமலேயே அதை நிறுவிப் பழகலாம். 40 நிமிடத்துக்கு ஒருமுறை கணினியை மூடித் திறக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். என்விடிஏவை ஒரு பென்டிரைவில் போட்டு எடுத்துப்போய், நூலகக் கணினியிலும் நண்பர் வீட்டிலும் நிறுவாமலே ஓட்டலாம். வேறு எதுவுமே பேசாத அவசரத்தில், விண்டோஸோடு வரும் நரேட்டர் கைகொடுக்கும்: கன்ட்ரோல், விண்டோஸ், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் போதும். மேக் கணினியில் ஆப்பிளே தரும் வாய்ஸ்ஓவர்தான் வழி, லினக்ஸில் ஆர்கா.

ஒன்றைக் கற்றவருக்கு அடுத்தது அவ்வளவு கடினமில்லை. இணையப் பக்கத்தில் எச் (H) விசையை அழுத்தினால் அடுத்த தலைப்பு, டி (T) அழுத்தினால் அடுத்த அட்டவணை, பி (B) அழுத்தினால் அடுத்த பொத்தான். ஜாஸிலும் என்விடிஏவிலும் இவை ஒன்றேதான். அமெரிக்காவின் வெப்எய்ம் அமைப்பு 2023 டிசம்பரில் தொடங்கித் திரைவாசிப்பான் பயனர்களிடம் நடத்திய ஆய்வில், ஜாஸை முதன்மையாகப் பயன்படுத்துவதாக ஏறத்தாழ 40 விழுக்காட்டினரும், என்விடிஏவைச் சுமார் 38 விழுக்காட்டினரும் சொன்னார்கள். கணினியில் ஒன்றுக்கு மேற்பட்டதை வைத்திருப்பவர்கள் 70 விழுக்காட்டுக்கும் அதிகம்.

தமிழில் படிக்கிறவர் கூடுதலாகச் சிலவற்றைச் சோதிக்க வேண்டும். ஈஸ்பீக் தமிழ் பேசும். விண்டோஸில் தமிழ்ப் பேச்சுத் தொகுப்பை இறக்கினால் ‘வள்ளுவர்’ என்ற ஆண்குரல் கிடைக்கும். அதை என்விடிஏவிலும் வைத்துக்கொள்ளலாம். எதுவானாலும் ‘மனம்’, ‘மணம்’ என்று தட்டச்சு செய்து, அம்புக்குறி விசையால் எழுத்தெழுத்தாக நகர்ந்து கேட்டுப் பார்க்க வேண்டும். றன்னகரமும் டண்ணகரமும் காதில் பிரியாத குரலை வைத்துக்கொண்டு பிழைதிருத்த முடியாது. ஆங்கிலச் சொல் நடுவில் வரும் வாக்கியம் ஒன்றையும், தேதியும் தொகையும் உள்ள ரசீது ஒன்றையும் படிக்கவைத்துக் கேட்பது நல்லது.

பழைய தமிழ்க் கோப்புகளில்தான் பெரிய சிக்கல். பாமினி என்ற பழைய எழுத்துருவில் ‘அம்மா’ என்று தெரிவது, கணினியைப் பொறுத்தவரை எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில விசைகளின் வரிசை. கண்ணுக்கு அழகான தமிழ். காதுக்கு வெறும் உளறல். தமிழ் எழுத்துகளைத் தமிழாகவே சேமிக்கும் யூனிகோடுக்கு மாற்றினால் அதே கோப்பு உடனே தமிழ் பேசும். தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது. ஆனாலும் பழைய எழுத்துருக் கோப்புகளும், ஸ்கேன் செய்து படமாக ஏற்றிய சுற்றறிக்கைகளும் இன்னும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. படத்தில் இருக்கும் எழுத்தை முதலில் எழுத்துணரி மென்பொருளில் கொடுத்து உரையாக்க வேண்டும். அதில் பிழைகள் வரும்.

புதிதாகத் தொடங்கும் தமிழ் மாணவர் என்விடிஏவில் தொடங்குவதே சரி. வேலை கிடைத்ததும் அந்த அலுவலகத்தில் எது ஓடுகிறது என்று கேட்டு, தேவைப்பட்டால் ஜாஸையும் கற்றுக்கொள்ளலாம். பயிற்சி மையத்துக்குப் போகும்போது, தான் தினமும் திறக்கும் கோப்புகளில் இரண்டு மூன்றைப் பென்டிரைவில் கொண்டுபோய், அங்குள்ள ஒவ்வொரு திரைவாசிப்பானிலும் அவற்றையே திறந்து கேட்பது நல்லது. பயிற்றுநர் வைத்திருக்கும் மாதிரிக் கோப்பு எப்போதும் ஒழுங்காகத்தான் பேசும்.