இலண்டன் மாநகரத்து மதுச்சாலை

இலண்டன் மாநகரிற் காட்சி காணச் செல்லும் நண்பர்க்கு மதுச்சாலையும் ஒரு காட்சியே. தேம்ஸ் நதியின் தென்கரையிலுள்ள சதர்க்கில், 'ஜார்ஜ்' என்னும் விடுதி 1676ஆம் ஆண்டுத் தீயில் வெந்து, மறு ஆண்டில் மீண்டும் எழுப்பப்பெற்றது. அதன் முற்றத்தில் முன்னாளிற் குதிரைவண்டிகள் வந்து நிற்கும். மரத்தாலாய மாடத் தாழ்வாரங்கள் அதனைச் சூழ்ந்திருந்தன. 1889இல் இருப்புப்பாதைக் கம்பெனியார் பண்டகசாலைக்காக இருபுறத்தை இடித்துவிட்டனர்; அந்தோ, எஞ்சியது தென்புறம் ஒன்றே!

இத்தகைய சாலைகளில் நண்பர் குழாத்தினர் தனித்தனியே வாங்கிப் பருகுதல் பெரும்பாலும் வழக்கமன்று. ஒருவர் எழுந்து சென்று அனைவர்க்கும் வாங்கி வருவர். அடுத்த முறை மற்றொருவர். முறையைத் தட்டிக்கழிப்பவனை உலோபி என்பர். மது விலக்கியோன் என் செய்வான்? எலுமிச்சம்பானம் கொண்டமர்ந்து, தன் முறை வந்தவழித் தானும் எழுவானாயின், அம்மேசையில் அவனுக்கும் இடமுண்டு. பிறர்க்கு மது வாங்கித் தருதல் தகுமோ என்பது வேறு வழக்கு.