மருந்து முதலா? வாந்தி முதலா?

ஐதராபாத்துக்குப் பிழைக்க வந்திருக்கிறோம். பையனுக்குக் காய்ச்சல். செகந்திராபாத் காந்தி மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். அது பெரிய அரசு மருத்துவமனை. நமக்குத் தெலுங்கு வராது. டாக்டருக்குத் தமிழ் வராது. தெரிந்த நாலு வார்த்தை ஆங்கிலம்தான் துணை.

"மருந்து கொடுத்தீர்களா?" என்று டாக்டர் ஆங்கிலத்தில் கேட்கிறார்.

தமிழில் "கொடுத்திருக்கிறேன்" என்போம். ஆங்கிலத்தில் "ஐ ஹேவ் கிவன் மெடிசின்" என்று சொல்லலாம்.

மருந்து குடித்த பிறகு பையன் வாந்தி எடுத்துவிட்டானா? அதையும் சொல்ல வேண்டும். இப்போது நடந்து முடிந்தவை இரண்டு. அதில் முதலில் நடந்ததற்கு "ஹேட்" போடுங்கள்.

"ஐ ஹேட் கிவன் மெடிசின் பிஃபோர் ஹி வாமிட்டட்."

அதாவது, அவன் வாந்தி எடுக்கும் முன்பே மருந்து கொடுத்திருந்தேன்.

இதை நினைவில் வையுங்கள்:

கொடுத்திருக்கிறேன் – ஹேவ் கிவன்.
கொடுத்திருந்தேன் – ஹேட் கிவன்.

மருந்து வயிற்றில் தங்கியதா, வெளியே வந்துவிட்டதா? இது தெரிந்தால்தான் மறுபடி கொடுப்பதா என்று டாக்டர் முடிவு செய்ய முடியும். மருந்து கூடினாலும் ஆபத்து. குறைந்தாலும் நோய் தீராது.

நீங்களே சொல்லிப் பாருங்கள்:

"டாக்டர் வருவதற்கு முன்பே மருந்து கொடுத்திருந்தேன்." இதற்கு ஹேவ் வருமா, ஹேட் வருமா?