கோடுகளும் கணக்கும்

கடையில் ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்குகிறோம். கடைக்காரர் அதைக் கருவியின் முன் காட்டுகிறார். ‘பீப்’ என்று ஓர் ஒலி கேட்கிறது. பெயரும் விலையும் திரையில் தோன்றுகின்றன. நாம் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். அந்த ஒலிக்குள் நடந்தது என்ன என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? நானும் எண்ணிப் பார்த்தவன் அல்லன். சென்ற ஆண்டு நம் விடுதி மாணவர் கூட்டுறவுப் பண்டகசாலைக்கு அந்தக் கருவியை வாங்கிப் பொருத்தும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அதன் பிறகுதான் எண்ணத் தொடங்கினேன். அந்தப் பொறுப்பில் நான் கற்றதும் உண்டு, தவறியதும் உண்டு. இரண்டையும் நம் சங்க மலரில் எழுதிவைப்பது கடமை என்று தோன்றிற்று.

முதலில் அந்தக் கோடுகளின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து டிரெக்செல் கல்லூரியில் 1948-இல் பெர்னார்டு சில்வர் என்ற இளைஞர் ஓர் உரையாடலைக் கேட்க நேர்ந்தது. மளிகைக் கடைகளின் தலைவர் ஒருவர் கல்லூரி முதல்வரிடம், பொருளின் விவரத்தைத் தானாகவே படித்துக்கொள்ளும் முறை ஒன்றை ஆராய்ந்து தரலாகாதா என்று வேண்டிக்கொண்டிருந்தார். சில்வர் அதைத் தம் நண்பர் நார்மன் ஜோசப் உட்லண்டிடம் சொன்னார். உட்லண்ட் மயாமிக் கடற்கரை மணலில் அமர்ந்து சிந்தித்தார். சாரணர் படையில் பயின்ற மோர்ஸ் தந்திக் குறிகள் அவர் நினைவுக்கு வந்தன. மணலில் புள்ளியும் கோடும் இட்டு, அவற்றை விரல்களால் கீழ்நோக்கி இழுத்தார். மெல்லிய கோடுகளும் தடித்த கோடுகளும் பிறந்தன. மணலில் அகரம் எழுதிப் பழகிய திண்ணைப் பள்ளி மரபினராகிய நமக்கு இச்செய்தி தனி இன்பம் தருவதன்றோ!

1952-இல் இருவருக்கும் காப்புரிமை கிடைத்தது. ஆனால் அந்தக் கோடுகளைப் படிக்கத்தக்க மலிவான ஒளிக்கருவியும் கணிப்பொறியும் அன்று இல்லை. இருபது ஆண்டுகளுக்கும் மேல் காத்திருக்க வேண்டியதாயிற்று. இன்று நாம் காணும் வடிவத்தை ஐ.பி.எம். நிறுவனத்து ஜார்ஜ் லாரர் வகுத்தார். 1973-இல் அது ஏற்கப்பட்டது. 1974 ஜூன் 26-ஆம் நாள், ஒஹாயோ மாநிலத்து டிராய் என்னும் ஊரில், ஒரு சூயிங்கம் பொட்டலம்தான் அம்முறையில் முதன்முதலாக விற்கப்பட்ட பொருள். சில்வர் அதைக் காணவில்லை. அவர் 1963-இலேயே மறைந்துவிட்டார்.

இனி, கருவி எவ்வாறு படிக்கிறது என்று பார்ப்போம். ஸ்கேனரிலிருந்து சிவப்பு ஒளி புறப்பட்டுக் கோடுகளின் மேல் படுகிறது. கருங்கோடு ஒளியை விழுங்குகிறது. வெள்ளை இடைவெளி திருப்பி அனுப்புகிறது. திரும்பி வரும் ஒளியின் ஏற்ற இறக்கத்தைக் கருவி அளக்கிறது. நம் நாட்டுப் பொருள்கள் பெரும்பாலானவற்றில் உள்ளது பதின்மூன்று இலக்கக் குறி. அது 95 சம அகலக் கூறுகளால் ஆனது. ஓர் இலக்கத்துக்கு ஏழு கூறுகள்; அவற்றுள் இரண்டு கோடுகளும் இரண்டு இடைவெளிகளும் அடங்கும். இரு ஓரங்களிலும் நடுவிலும் எல்லைக் கோடுகள் உண்டு. இடப்பாதி இலக்கங்களும் வலப்பாதி இலக்கங்களும் வெவ்வேறு முறையில் வரையப்பட்டிருப்பதால், பொருளைத் தலைகீழாகக் காட்டினாலும் கருவி மயங்குவதில்லை. சிவப்பு மையால் அச்சிட்ட கோடு மட்டும் அதற்குத் தெரியாது. சிவப்பு ஒளியில் சிவப்பும் வெள்ளையும் ஒன்றே போல் தோன்றும்.

படித்தது சரியா என்று கருவி தானே கணக்குப் போட்டும் பார்க்கிறது. 8901234567890 என்ற எண்ணை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். கடைசி இலக்கத்தை விட்டுவிடுக. ஒன்று, மூன்று, ஐந்து என ஒற்றைப்படை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டினால் 28. இரட்டைப்படை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டினால் 34. அதை மூன்றால் பெருக்கினால் 102. இரண்டும் சேர்ந்து 130. இது பத்தின் மடங்கு. ஆகவே கடைசி இலக்கம் 0. இடையில் உள்ள 5 தவறுதலாக 6 எனப் படிக்கப்பட்டால் கூட்டுத்தொகை 133 ஆகும். அப்போது கடைசி இலக்கம் 7 ஆக இருக்கவேண்டும், இருப்பதோ 0. உடனே கருவி வாய் திறவாது நின்றுவிடும். எத்துணை எளிய காவல்!

தொடக்கத்தில் உள்ள 890 என்பதைக் கண்டு, ‘இது இந்தியாவில் செய்த பொருள்’ என்று நண்பர் பலர் கருதுகின்றனர். அஃது அவ்வாறன்று. அந்த எண் இந்திய அமைப்பின் வழியாக வழங்கப்பட்டது என்பதே பொருள். பண்டம் எந்நாட்டிலும் ஆகியிருக்கலாம். மற்றொன்றும் நினைவில் இருக்கவேண்டும். அக்கோடுகளில் விலை இல்லை, பெயரும் இல்லை. வெறும் எண்தான் உண்டு. எந்த எண்ணுக்கு எந்தப் பெயர், எந்த விலை என்பது கணிப்பொறியில் நாம் எழுதிவைக்கும் பட்டியலில் உள்ளது. இந்த ஒரு செய்தியைப் பெயரளவில் அறிந்து, மனத்தில் வாங்காததால் நாங்கள் பட்ட பாட்டைப் பின்னர்ச் சொல்கிறேன்.

கருவியைப் பொருத்துவது கடினமன்று. அதன் வடத்தைக் கணிப்பொறியின் யுஎஸ்பி துளையில் செருகினால், கணிப்பொறி அதைத் தட்டச்சுப் பலகை என்றே எண்ணிக்கொள்கிறது. கோட்டைப் படித்ததும், விரைந்து தட்டச்சுச் செய்பவர் போல அது பதின்மூன்று இலக்கங்களையும் அனுப்பி, ‘என்டர்’ விசையையும் அழுத்திவிடுகிறது. எனவே கடை மென்பொருளைத் திறக்குமுன் வெறும் குறிப்புப் பக்கம் ஒன்றைத் திறந்து, ஏதேனும் ஒரு பொருளைக் காட்டிப் பார்க்கவேண்டும். எண் முழுமையாக விழுந்து அடுத்த வரிக்குச் சென்றால் நலம். செல்லாவிடில், கருவியோடு வரும் கையேட்டில் அதற்கெனவே ஒரு கோட்டுக் குறி இருக்கும். அதைக் கருவிக்குக் காட்டினால் பழக்கம் திருந்திவிடும்.

எங்களுக்கு நேர்ந்த வேடிக்கைகள் இரண்டு. மலர் வேலைக்காக அக்கணிப்பொறியில் தமிழ்த் தட்டச்சு முறையை வைத்திருந்தோம். நாங்களே அச்சிட்ட அப்பளப் பொட்டலச் சீட்டில் இருந்த ஆங்கில எழுத்துகள், திரையில் பொருளற்ற தமிழ் எழுத்துகளாக வந்து விழுந்தன! மற்றொரு நாள், சுட்டி ‘எண்ணிக்கை’க் கட்டத்தில் நிற்பதைக் கவனியாமல் பிஸ்கட்டைக் காட்டினோம். ஒரு மாணவர் எட்டு இலட்சத்துத் தொண்ணூறாயிரம் கோடி பாக்கெட் வாங்கியதாகக் கணக்கு விழுந்தது. அவர் கடன் சொல்லிவிட்டுப் போகலாமா என்று கேட்டார்.

கையாளும் முறையும் சில நாளில் பழகிவிடும். சிவப்புக் கோடு எல்லாக் கருங்கோடுகளையும் குறுக்கே வெட்டிச் செல்லவேண்டும். பளபளக்கும் உறையில் ஒளி நேரே திரும்பி அடிப்பதால், கருவியைச் சற்றே சாய்த்துப் பிடிக்கவேண்டும். குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த பால் பையைத் துடைத்துவிட்டுக் காட்டவேண்டும். கசங்கிய உறையைக் கையால் நீவிவிட வேண்டும். எதற்கும் படியாவிட்டால் கோடுகளின் கீழே உள்ள எண்ணைத் தட்டச்சுச் செய்யலாம். ஒளியை எவர் கண்ணிலும் படவிடலாகாது.

இவ்வளவையும் கற்று, கற்பித்து, பெருமிதத்தோடு கடையைத் திறந்தோம். கல்லாவில் அமர்பவர் இவ்வூர்ப் பெரியவர். ‘சாச்சா’ என்றே நாம் எல்லோரும் அவரை அழைக்கிறோம். பல ஆண்டுகளாக நீண்ட குறிப்பேட்டில் பென்சிலால் கணக்கு எழுதி வந்தவர். அவருக்கு நான் கற்பித்த பாடம் ஒன்றே: “ஒலி கேட்டால் சரி, நீங்கள் எதையும் மாற்ற வேண்டாம்.” மூன்றாம் நாள் மாலை, கடையில் நெருக்கடியான வேளையில் அவர் என்னைக் கூப்பிட்டு, ஒரு சோப்புக் கட்டைத் தூக்கிக் காட்டி, “பேட்டா, இதில் நாலு இருக்கிறது, மெஷின் ஒன்று என்கிறது” என்றார். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “மெஷின் பொய் சொல்லாது, சாச்சா” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன்.

மாத இறுதியில் இருப்பை எண்ணினோம். பணப்பெட்டியில் ஒரு காசும் குறையவில்லை. ஆனால் நான்கு சோப்புகள் அடங்கிய கட்டுகள் பதினான்கு காணவில்லை. குழுவில் ஒருவர் மெல்லச் சொன்னார்: “குறிப்பேட்டுக் காலத்திலும் இப்படித்தான் போயிருக்குமோ? கருவி வந்ததால் வெளிப்பட்டது.” மற்றவர்கள் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. மறுநாள் கூடி, சாச்சாவை நிறுத்திவிடுவது பற்றி முடிவு செய்வதாக இருந்தது. செய்தி எப்படியோ அவர் காதுக்கும் போயிற்று. அன்று மாலை கடையைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்தபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. இருப்புத் தாளை மீண்டும் எடுத்தேன். நாங்கள் குறைந்தவற்றை மட்டுமே சிவப்பு மையால் கோடிட்டிருந்தோம். மிகுந்தவற்றை ஒருவரும் பார்க்கவில்லை. அதே சோப்பில் தனிச் சோப்பு, பட்டியலில் இருக்கவேண்டியதைவிடப் பதினான்கு மிகுதியாக இருந்தது. கட்டில் பதினான்கு குறைவு. தனிச் சோப்பில் பதினான்கு மிகுதி. திருடுபவன் எதையும் மிச்சம் வைத்துவிட்டுப் போவானா?

விடிந்ததும் கடைக்கு ஓடினேன். ஒரு கட்டை எடுத்துக் கருவிக்குக் காட்டினேன். ‘பீப்’ என்றது. திரையில் ‘சோப்பு 1’ என்று வந்தது. கட்டின் மேலுறை கண்ணாடித்தாள். கட்டுக்கென்று ஒரு குறி மேலுறையின் பின்புறத்தில் இருந்தது. ஆனால் உள்ளே இருந்த தனிச் சோப்பின் குறியும் அந்தத் தாளின் ஊடே தெளிவாகத் தெரிந்தது. கருவி தன் கண்ணில் பட்டதைப் படித்தது. அதுவும் உண்மையான எண்தான். காவல் இலக்கமும் சரிதான். எண்ணைத் தவறாகப் படிப்பதைத் தடுக்கும் அந்தக் காவல், தவறான பொருளின் எண்ணைச் சரியாகப் படிப்பதை எப்படித் தடுக்கும்? நான்கு சோப்பைக் கொடுத்து ஒன்றின் விலையை வாங்கியிருக்கிறோம், பதினான்கு முறை. வாங்கியவர்களும் நம் மாணவர்களே. என் அறை மேசையில் கிடந்த பழைய பில் ஒன்றைத் தேடி எடுத்தேன். ‘சோப்பு 1’ என்றிருந்தது. அலமாரியில் அதே சோப்பு மூன்று இருந்தன. பதினான்கு பேரில் நானும் ஒருவன்.

குழு கூடியதும் அனைத்தையும் சொன்னேன். பிறகு எல்லோரும் சாச்சாவிடம் சென்றோம். அவர் சொன்னதைக் கேளாமல் போனது என் பிழை என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “நான் குறிப்பேட்டில் எழுதும்போது பொருளைப் பார்த்து எழுதினேன். நீங்கள் என்னை ஒலியைக் கேட்கச் சொன்னீர்கள்” என்றார். அதற்கு மறுமொழி எங்களிடம் இல்லை.

அன்றே சில விதிகளை எழுதிக் கல்லாவுக்கு அருகில் ஒட்டினோம். கட்டாக வரும் பொருள்களின் உட்குறியைச் சீட்டு ஒட்டி மறைக்கவேண்டும். புதிய சரக்கு வந்தால், பட்டியலில் ஏற்றியபின் ஒவ்வொன்றையும் ஒரு முறை காட்டிப் பெயரும் விலையும் அளவும் பொருந்துகின்றனவா என்று பார்க்கவேண்டும். விலை மாறும்போது இன்னும் விழிப்பு வேண்டும். 2025 செப்டம்பர் 22-இல் சோப்பு, பற்பசை, தலை எண்ணெய் முதலியவற்றின் மீதான சரக்கு சேவை வரி 18 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. அத்தகைய வேளையில் பழைய விலைச் சரக்கும் புதிய விலைச் சரக்கும் ஒரே எண்ணோடு அலமாரியில் அடுத்தடுத்து நிற்பதுண்டு. கருவிக்கு இரண்டும் ஒன்றே. உறையில் அச்சிட்ட உச்ச விலைக்கு மேல் வாங்குவதோ சட்டப்படி குற்றம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒலி கேட்டபின் திரையைப் பார்க்கவேண்டும். கையில் உள்ளதும் திரையில் உள்ளதும் ஒன்றா என்று ஒப்பிடவேண்டும். ஒன்றாக இல்லாவிட்டால் நிறுத்தும் உரிமை கல்லாவில் இருப்பவருக்கு உண்டு. இருப்பு எண்ணும்போது குறைவையும் மிகுதியையும் ஒரே தாளில் எழுதவேண்டும்.

பதினான்கு பேரில் ஒன்பது பேர் கேட்டதும் மீதிப் பணத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். எஞ்சிய ஐவர் யார் என்று இன்றுவரை தெரியவில்லை. இவ்வரிகளை அவர்கள் படிக்கக்கூடும். கல்லாவில் சாச்சா இருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கடையைப் பார்த்துக்கொள்ளும் முறை இவ்வாண்டு புதிதாக வந்த மாணவர்களுக்கு வருகிறது. கருவியைக் கையாள என்னிடம் கற்கவேண்டியதில்லை. சாச்சாவே கற்பிக்கிறார். அவர் முதலில் ஒரு சோப்புக் கட்டைக் கையில் கொடுத்து, “இதில் எத்தனை இருக்கிறது, சொல்” என்று கேட்கிறார். அதன் பிறகுதான் கருவியைத் தொட விடுகிறார்.