49-ஆம் நாள் என்ன நடக்கிறது?



புரட்டாசியில் குலசேகரன்பட்டினம் தசரா, கார்த்திகையில் சபரிமலை. இவ்விரு மாதங்களிலும் நம் கடம்பூர், கயத்தாறு, கோவில்பட்டி வட்டாரத்தில் மாலை அணிந்தவர்களைத் தெருவுக்குத் தெரு காணலாம். பொழுது சாய்ந்ததும் நாள் தவறாமல் மதுக்கடைக்குச் சென்றவர்களும் அவர்களில் உண்டு. மாலை அணிந்த நாள் முதல் அவர்கள் ஒரு சொட்டும் தொடுவதில்லை. ஒரு மண்டலம், அதாவது 48 நாள், வீட்டில் அமைதி நிலவுகிறது. மாலையைக் கழற்றியதும் சிலர் மீண்டும் அதே கடைக்குச் செல்கிறார்கள்.

"48 நாள் இருக்க முடிந்தவருக்கு 49-ஆம் நாள் இருக்க முடியாதா? மனசு இல்லை, அவ்வளவுதான்" என்று ஊரார் கூறுவர். இக்கூற்று சரிதானா? அறிவியல் துணைகொண்டு சற்று ஆராய்வோம்.

கல்லீரல் என்னும் ரேஷன் கடை

பிராந்தி, விஸ்கி போன்ற மதுவகைகளில் 100 மில்லி லிட்டருக்கு ஏறத்தாழ 43 மில்லி லிட்டர் எத்தனால் உள்ளது. 'குவார்ட்டர்' எனப்படும் 180 மி.லி. புட்டியில் 77 மி.லி. எத்தனால் இருக்கும். எத்தனாலின் அடர்த்தி 0.79 என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆகவே அதன் நிறை சுமார் 61 கிராம்.

இதனை உடலிலிருந்து அகற்றுவது பெரும்பாலும் கல்லீரலின் வேலை. முதலில் ஒரு நொதி எத்தனாலை அசெட்டால்டிஹைடு என்ற நச்சுப்பொருளாக மாற்றுகிறது. மற்றொரு நொதி அதனைத் தீங்கற்ற அசெட்டேட்டாக மாற்றுகிறது.

இயற்பியலில் அரை ஆயுள் பற்றிப் படித்திருப்பீர்கள். கதிரியக்கப் பொருளின் அளவு கூடுதலாக இருந்தால் நொடிக்குச் சிதையும் அணுக்களும் கூடுதலாக இருக்கும். மது அப்படிக் குறைவதில்லை. ரேஷன் கடையில் ஒரே ஒரு எடை போடுபவர் இருக்கிறார். வரிசையில் 20 பேர் நின்றாலும் 200 பேர் நின்றாலும் அவர் ஒரே வேகத்தில்தான் அனுப்புவார். கல்லீரலும் அவ்வாறே. 60 கிலோ எடையுள்ள ஒருவரின் கல்லீரல் மணிக்கு ஏறத்தாழ 7 கிராம் எத்தனாலை மட்டுமே அகற்றும். நெடுநாள் குடிப்பவர்களிடம் இவ்வேகம் ஓரளவு கூடலாம். காப்பி குடிப்பதோ, மோர் குடிப்பதோ, தலையில் தண்ணீர் ஊற்றுவதோ இவ்வேகத்தைக் கூட்டாது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 61-ஐ 7-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 9 மணி நேரம். இரண்டு குவார்ட்டர் என்றால் 17 மணி நேரத்திற்கும் மேல். இரவு 10 மணிக்கு அவ்வளவு குடித்தவரின் இரத்தத்தில் மறுநாள் பிற்பகல் 3 மணி வரை மது இருக்கும். காலையில் குளித்துவிட்டு அவர் வண்டியை எடுத்தாலும், 100 மி.லி. இரத்தத்தில் 30 மில்லி கிராம் என்ற சட்ட வரம்பை அவர் மீறியிருக்கக்கூடும்.

எப்படியும் ஓரிரு நாளில் உடலில் மது என்பதே இல்லாமல் போய்விடுகிறது. அப்படியானால் தொல்லை தீர்ந்ததா? இல்லை. மது வெளியேறிய பிறகுதான் முதல் ஆபத்து தொடங்குகிறது.

தராசின் மறுதட்டு

நம் மூளையில் நரம்பணுக்களைத் தூண்டும் வேதிப்பொருள்களும் உண்டு. அடக்கும் வேதிப்பொருள்களும் உண்டு. குளூட்டமேட் தூண்டுகிறது, காபா அடக்குகிறது. இரண்டும் தராசின் இரு தட்டுகளைப் போலச் சமநிலையில் நிற்கின்றன. மது அடக்கும் பக்கத்தை வலுப்படுத்தி, தூண்டும் பக்கத்தைத் தளர்த்துகிறது. தட்டு ஒருபுறம் சாய்கிறது. பேச்சு குழறுவதும் கால் தடுமாறுவதும் அதனால்தான்.

நாள்தோறும் இவ்வாறு நடந்தால் மூளை சும்மா இருப்பதில்லை. மறுதட்டில் எடைக்கற்களை ஒவ்வொன்றாக ஏற்றித் தராசை நேராக்கிக் கொள்கிறது. முன்பு ஒரு குவார்ட்டரில் தடுமாறியவர் இப்போது தடுமாறுவதில்லை. அதே மயக்கத்திற்கு அவருக்குக் கூடுதல் மது தேவைப்படுகிறது. "எவ்வளவு குடித்தாலும் அண்ணாச்சி ஆடாமல் நிற்பார்" என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். அது உடல் வலிமையின் அடையாளம் அன்று. நோய் முற்றி வருவதன் அடையாளம்.

இந்நிலையில் திடீரென மதுவை நிறுத்தினால் என்னவாகும்? ஒரு தட்டிலிருந்த சுமை நீங்கிவிட்டது. மறுதட்டில் மூளை ஏற்றி வைத்த கற்களோ அப்படியே இருக்கின்றன. தராசு எதிர்ப்புறம் சாய்கிறது. சில மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை தோன்றும். முதல் இரண்டு நாள்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் சிலர் இல்லாத உருவங்களைக் கண்டு அஞ்சி, தாம் இருக்கும் இடமே தெரியாமல் குழம்புவர். பேய் பிடித்துவிட்டது என்று எண்ணி இவர்களைக் கோயிலுக்கு அழைத்துச் செல்வோர் உண்டு. மருத்துவம் கிடைக்காவிட்டால் இந்நிலை உயிரைக்கூடப் பறிக்கும்.

ஆகவே, நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர், குறிப்பாகக் காலையில் கை நடுங்குபவர், மாலை அணிவதற்கு முன் மருத்துவரைப் பார்ப்பது மிகவும் அவசியம். மறுதட்டின் கற்களை மெல்ல மெல்ல இறக்கும் மருந்துகள் உண்டு. மூளையைக் காக்கத் தையமின் என்ற பி-1 வைட்டமினையும் ஊசி மூலம் செலுத்துவார்கள். பெரும்பாலோருக்கு ஒரு வாரம், பத்து நாளில் உடல் நடுக்கம் அடங்கிவிடும்.

சரி, 10 நாளில் உடல் தேறிவிட்டது; 48 நாளும் கடந்துவிட்டது. பிறகும் ஏன் அந்தக் கடை?

கரிசல் மண்ணின் வண்டித்தடம்

மழைக்காலத்தில் நம் கரிசல் பாதையில் ஒரு வண்டி போனால் தடம் பதியும். வெயில் அடித்ததும் அத்தடம் கல்லாக இறுகிவிடும். அடுத்து வரும் வண்டிச் சக்கரமும் அதில்தான் விழும். விலகி ஓட்ட நினைத்தாலும் தடம் இழுக்கும். மூளையிலும் பழக்கம் இவ்வாறே பதிகிறது.

1990-களில் ஸ்விட்சர்லாந்தில் வுல்ஃப்ரம் ஷுல்ட்ஸ் என்ற அறிவியலார் குரங்குகளின் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களை ஆராய்ந்தார். குரங்கிற்கு எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது அந்த அணுக்கள் துடித்தன. சாறு வருமுன் ஒரு விளக்கு எரியும் எனப் பழக்கியபின், சாற்றுக்குத் துடிக்கவில்லை. விளக்கு எரிந்ததுமே துடித்தன! மூளை பரிசைவிட, பரிசின் முன்னறிவிப்பையே கவனிக்கக் கற்றுக்கொண்டது.

குடிப்பவருக்கு அந்த விளக்கு எது? சம்பள நாள், ஆறு மணிப் பொழுது, ஒரு குறிப்பிட்ட தெருமுனை, ஒரு குறிப்பிட்ட நண்பரின் குரல். அவை எதிர்ப்பட்டதும், அவர் எண்ணிப் பார்க்கும் முன்னரே வேட்கை எழுந்துவிடுகிறது. இத்தடம் 48 நாளில் அழிவதில்லை. மாதங்கள், சிலருக்கு ஆண்டுகள் ஆகும்.

விரதம் கற்றுத்தரும் பாடம்

விரத நாள்களில் அவருக்கு வேட்கை எழவில்லையா? அந்நாள்களில் என்னென்ன மாறுகின்றன என்று எண்ணிப் பாருங்கள். உடை மாறுகிறது. அதிகாலைக் குளியல், பூசை என்று நாளின் ஒழுங்கு மாறுகிறது. மாலைப் பொழுது பஜனையில் கழிகிறது. பழைய கூட்டாளிகள் அவரை அழைப்பதில்லை. தெருவே அவரைச் 'சாமி' என்று மதிப்போடு அழைக்கிறது. அதாவது, அந்த விளக்குகள் பலவும் அணைக்கப்பட்டுவிட்டன.

49-ஆம் நாள் மாலை கழற்றப்படும்போது இவை அனைத்தும் ஒருசேர நீங்குகின்றன. அழைத்தவர்கள் மீண்டும் அழைக்கிறார்கள். 'சாமி' மறுபடியும் 'குடிகாரன்' ஆகிறார். 48 நாளும் அவரைத் தாங்கியது அவருடைய மனவுறுதி மட்டும் அன்று. ஊரும் சேர்ந்து தாங்கியது. ஊர் கையை எடுத்ததும் வண்டி பழைய தடத்தில் விழுந்துவிட்டது.

இதனை உணர்ந்து செயல்பட்டவர்கள் உண்டு. அமெரிக்காவின் ஏக்ரான் நகரில் 1935-இல் பில் வில்சன், மருத்துவர் பாப் ஸ்மித் என்னும் இரு குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் துணைநின்று மீண்டனர். 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்ற உலகளாவிய அமைப்பு அதிலிருந்து பிறந்தது. "இன்று ஒரு நாள் மட்டும் குடிக்க மாட்டேன்" என்பதே அவர்கள் வழி. தமிழகத்திலும் பல ஊர்களில் இக்கூட்டங்கள் நடைபெறுகின்றன.

சென்னையில் சாந்தி ரங்கநாதன், குடிநோயால் கணவரை இழந்தபின், 1980-இல் டி.டி.கே. மருத்துவமனையைத் தோற்றுவித்தார். கிராமத்தாரால் சென்னைக்கு வந்து தங்க இயலாது என்பதால், 1989-இல் சிகிச்சையையே கிராமத்திற்குக் கொண்டு சென்றனர். இன்றைய திருவாரூர் மாவட்டத்திலுள்ள மஞ்சக்குடியில் முகாம் நடைபெற்றது. இத்தகைய முகாம்களில் மருந்தோடு குடும்பத்தாருக்கும் ஆலோசனை தரப்படுகிறது, ஊரார் துணைநிற்கிறார்கள், முகாம் முடிந்த பின்னும் தொடர்ந்து கவனிக்கப்படுகிறது. சிகிச்சைக்குப் பின் மீளப்போவது அதே தெருவுக்குத்தான் என்றால், அந்தத் தெருவையும் சிகிச்சையில் சேர்த்துக்கொள்வதுதானே முறை?

உங்களுக்குச் சில சொற்கள்

இதைப் படிக்கும் உங்களில் சிலர் வீட்டிலேயே இத்தொல்லை இருக்கலாம். அதற்கு நீங்கள் காரணம் அல்ல. அவரைக் குணப்படுத்தும் சுமையும் உங்களுடையது அல்ல. குடித்திருக்கும் வேளையில் வாதம் செய்யாதீர்கள். அடி, உதை என்று வந்தால் நம்பிக்கைக்குரிய ஓர் ஆசிரியரிடமோ உறவினரிடமோ சொல்லுங்கள். குழந்தைகளுக்கான 1098 என்ற எண் எந்நேரமும் உண்டு.

"தெரியாமல் சோற்றில் கலந்து கொடுக்கலாம்" என்று விற்கப்படும் பொடிகளை வாங்க விடாதீர்கள். டைசல்பிரம் என்ற மருந்து, முன்னர் சொன்ன அசெட்டால்டிஹைடை உடலில் தேங்கச் செய்வது. மருத்துவர் கண்காணிப்பில், நோயாளியின் சம்மதத்தோடு மட்டுமே அதைக் கொடுக்க வேண்டும். தெரியாமல் உண்டவர் மதுவும் குடித்தால் இரத்த அழுத்தம் விழுந்து இறக்கவும் கூடும்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. நமக்கு அருகில் தூத்துக்குடியும் பாளையங்கோட்டையும் இருக்கின்றன. போதை மீட்புக்கு 14446 என்ற எண்ணிலும், மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணிலும் கட்டணமின்றிப் பேசலாம்.

தந்தை குடிநோயாளி என்றால் பிள்ளைகளும் அப்படித்தான் ஆவார்கள் என்பது இல்லை, பெரும்பாலோர் ஆவதில்லை. எனினும் அவர்களுக்கு அபாயம் சற்றுக் கூடுதல். இளவயதில் தொடங்குவோருக்கும் அவ்வாறே. மூளையின் வளர்ச்சி 25 வயதை ஒட்டித்தான் நிறைவடைகிறது. மண் ஈரமாக இருக்கும்போதுதான் தடம் ஆழமாகப் பதியும் அல்லவா? மதுவுக்கு மட்டுமின்றி, உதட்டில் ஒதுக்கும் புகையிலைக்கும் கஞ்சாவுக்கும் இது பொருந்தும்.

மீண்டவர் ஒருநாள் மறுபடி தவறினால், 48 நாளும் வீண் என்று எண்ண வேண்டாம். சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை ஏறினால் மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறோம்; ஏசுவதில்லை. இதற்கும் அதுவே முறை. அடுத்த முறை யாரேனும் மாலை கழற்றும்போது, அன்று மாலை ஆறு மணிக்கு அவர் எங்கே, யாரோடு இருப்பார் என்பதை வீட்டார் முன்கூட்டியே அவரோடு பேசி முடிவு செய்யட்டும். 49-ஆம் நாளுக்கும் ஒரு திட்டம் வேண்டும்.