வீட்டுச் சாவியை வாங்க முன்...

கடைக்கு ஒரு மூட்டை அரிசி வந்தாலும் குத்தூசியால் குத்தி, கையில் போட்டுப் பார்க்காமல் நாம் பில்லில் கையெழுத்து வைப்பதில்லை. ஆனால் ஆயுளில் ஒரு தடவை, இலட்சக்கணக்கில் கொட்டிக் கட்டும் வீட்டை மட்டும் பெயின்ட் வாசத்தையும் டைல்ஸ் பளபளப்பையும் பார்த்துப் பாரமெடுத்து விடுகிறோம். நானும் அப்படிச் செய்தவன்தான்.

கிழக்கில் பெண் பிள்ளைக்கு வீடு கொடுக்கும் வழக்கம் தெரிந்ததே. (அது சரியா பிழையா என்பது வேறு பேச்சு.) என் தங்கையின் மூத்த மகளுக்குக் கட்டிய வீட்டைக் கலியாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது கொந்தராத்துக்காரர் ஒப்படைத்தார். அழைப்பிதழும் கொடுத்தாயிற்று. மச்சானும் நானும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு மிச்சப் பணம் முழுவதையும் எண்ணிக் கொடுத்தோம். அது ஆகஸ்ட் மாதம். நவம்பர் மழைக்கு மேல் தட்டு ஒழுகி, மணமக்களின் அறையில் வாளி வைக்க வேண்டியதாயிற்று. கொந்தராத்துக்காரர் இன்று வருகிறேன், நாளை வருகிறேன் என்றே காலத்தைக் கடத்தினார். அவர் வருவதற்கு எங்கள் கையில் என்ன இருந்தது? கடைசியில் மச்சான்தான் மீண்டும் செலவழித்தார்.

இரண்டாவது மகளின் வீட்டுக்கு, கொந்தராத்துக்காரரோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு பொறியியலாளரை வெளியூரிலிருந்து அழைத்தோம். "எனக்குத் தெரிந்த எஞ்சினியர் இருக்கிறார், அவரே பார்க்கட்டும்" என்று கொந்தராத்துக்காரர் சொன்னார். வேண்டாம் என்றோம். யார் கூலி கொடுக்கிறாரோ அவருக்காகத்தான் கண் பார்க்கும்.

வந்தவர் முதலில் மேல் தட்டின் தண்ணீர்க் குழாய்களை அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி, மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறித்தார். 24 மணித்தியாலம் அப்படியே விட்டுக் கீழே ஈரம் தெரிகிறதா என்று பார்த்தார். குளியலறைகளிலும் அப்படியே. பிறகு ஒரு நாணயத்தால் டைல்ஸ்களைத் தட்டிக்கொண்டே போனார். அடியில் சாந்து சரியாக நிரம்பாத இடம் பொந்துச் சத்தம் தரும். ஹோலில் மட்டும் 11 கல் அப்படி இருந்தது. குளியலறையில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினார், அது வடிகானுக்குப் போகாமல் வாசலுக்கு வந்தது! இரவில் எல்லாப் பைப்புகளையும் பூட்டி மீற்றரைக் குறித்து வைத்துக் காலையில் பார்த்தார். ட்ரிப் சுவிச்சின் பொத்தானை அழுத்தினார், அது சரியாக விழுந்தது. ஆனால் குசினியில் ஒரு பிளக்குக்கு எர்த் வயரே கொடுக்கப்படவில்லை. பிள்ளை ஈரக்கையோடு நிற்கும் இடம் அது.

ஒன்றைச் சொல்ல வேண்டும். கம்பியும் கொங்கிறீட்டும் முடிந்த வீட்டில் கண்ணுக்குத் தெரியாது. கம்பி கட்டி, கொங்கிறீட் போட முன்னரே அவரை ஒரு தடவை கூப்பிடுவதுதான் புத்தி.

"சீ.ஓ.சி. எடுத்தோமே, அது போதாதா" என்று சிலர் கேட்கிறார்கள். நகர சபையோ பிரதேச சபையோ தரும் அந்தச் சான்றிதழ், அங்கீகரித்த வரைபடத்தின்படி வீடு கட்டப்பட்டிருக்கிறதா என்பதற்கானது. அதுவும் கட்டாயம் வேண்டும். ஆனால் உங்கள் டைல்ஸைத் தட்டிப் பார்ப்பது அந்த உத்தியோகத்தரின் வேலையல்ல. கொழும்பில் தொடர்மாடி வீடு வாங்குவோர், கடைசித் தவணைக்கு முன் தங்கள் ஆளைக் கொண்டு பார்க்க இடமுண்டு என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளட்டும்.

எங்கள் கொந்தராத்துக்காரருக்குக் கோபம்தான். "ஒரே ஊர்க்காரன், என்னை நம்பவில்லையா?" என்றார். மச்சான் பட்டியலைக் கையில் கொடுத்து, "காக்கா, இதை முடித்துத் தாருங்கள், காசு தயார்" என்றார். மூன்று கிழமையில் முடிந்தது. பொறியியலாளர் திரும்ப வந்து பார்த்த பின்தான் சாவி வாங்கினோம். அவரது கூலி, மூத்தவளின் கலியாண மேடை அலங்காரச் செலவை விடக் குறைவு.

ஒப்பந்தத்தில் முன்பே எழுதியிருந்தபடி 5 வீதப் பணத்தை ஒரு வருடத்துக்கு நிறுத்தி வைத்திருக்கிறோம். ஒரு மாரி மழை அந்த வீட்டின் மேல் பெய்ய வேண்டும். இம்முறை கலியாணத் திகதியையும் சாவி கைக்கு வந்த பிறகே குறித்தோம்.