ஒட்டுப்பலகைப் படகு: தாங்குவது ஆணியா, பசையா?

படகு என்பது நீரை வெளியே நிறுத்தி வைக்கும் ஒரு பாத்திரம். ஆனால், பிளைவுட் எனப்படும் ஒட்டுப்பலகையால் படகு கட்டுபவர், அந்தப் பாத்திரத்தில் தாமே நூற்றுக்கணக்கான துளைகளை இடுகிறார்! ஒவ்வொரு துளையிலும் ஓர் ஆணியோ திருகாணியோ இறங்குகிறது. அந்த ஆணிகள் என்ன வேலை செய்கின்றன? அவை தளர்ந்தால் என்ன ஆகும்? கரையில் உறுதியாகத் தோன்றிய ஓர் இணைப்பு நடுக்கடலில் விட்டுப்போனால், அதற்கு விலை உயிர் அல்லவா? ஆகவே இது தச்சர்கள் மட்டுமின்றி நாமும் அறிந்துகொள்ளத்தக்க செய்தியாகும்.

பலகையை இழுப்பது எது?

நீர்மட்டத்திலிருந்து அரை மீட்டர் ஆழத்தில் உள்ள 1 சதுர மீட்டர் பலகையை, நீர் ஏறத்தாழ 500 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையுடன் அழுத்துகிறது. இந்த விசை பலகையை உள்நோக்கி, அதாவது வங்கு எனப்படும் விலாச் சட்டங்களின் மீது, அழுத்துகிறது. ஆகவே நீரின் அழுத்தம் ஆணியைப் பிடுங்குவதில்லை. பிடுங்க முயல்பவை வேறு.

முதலாவது, பலகையின் மீள்தன்மை. வளைத்துப் பொருத்திய பலகை மீண்டும் நிமிரவே முயலும். பலகையின் கனம் இரு மடங்கானால், அதே அளவு வளைக்க எட்டு மடங்கு விசை தேவை. 6 மில்லிமீட்டர் பலகை எளிதாக இணங்கும் இடத்தில் 12 மில்லிமீட்டர் பலகை முரண்டு பிடிப்பது இதனால்தான்.

இரண்டாவது, நழுவல். ஒரு தடித்த நோட்டுப் புத்தகத்தை வளைத்துப் பாருங்கள். தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று நழுவும். படகு அலையின் முகட்டில் ஏறும்போது அதன் இரு முனைகளும் தாழ முயல்கின்றன. பள்ளத்தில் இறங்கும்போது நடுப்பகுதி தாழ முயல்கிறது. ஒவ்வோர் அலைக்கும் பலகைகள் சட்டங்களின் மீது இப்படி நழுவப் பார்க்கின்றன. இதனைத் தடுப்பதே இணைப்பின் முக்கிய வேலை.

ஒரு சிறு கணக்கு

1 மீட்டர் நீளமும் 4 சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஒரு சட்டத்தில், 10 சென்டிமீட்டருக்கு ஒன்றாகப் பத்துத் திருகாணிகள் உள்ளதாகக் கொள்வோம். ஒவ்வொன்றும் பக்கவாட்டில் 50 கிலோகிராம் எடையளவு விசையைத் தாங்கினால், மொத்தம் 500. அதே சட்டத்தில் பசை பூசப்பட்ட பரப்பு 400 சதுர சென்டிமீட்டர். ஒரு சதுர சென்டிமீட்டர் 10 கிலோகிராம் தாங்கினாலும், மொத்தம் 4,000!

வேறுபாடு அளவில் மட்டும் இல்லை. திருகாணியில் விசை முழுவதும் ஒரு சிறு துளையின் விளிம்பில் குவிகிறது. நாளடைவில் துளை அகன்றுவிடும். பசையிலோ விசை பரப்பு முழுவதும் பரவுகிறது. ஆகவே பசை தாங்குகிறது. அது இறுகும் வரை பலகையைச் சட்டத்தோடு அழுத்திப் பிடிக்கும் கையாக ஆணி விளங்குகிறது. ரிசார்சினால் பசைக்கு இந்த அழுத்தம் மிகத் தேவை. எப்பாக்சிப் பசை சிறு இடைவெளிகளை நிரப்பிக்கொள்ளும். அதனை அளவுமீறி அழுத்தினால் பசையெல்லாம் பிதுங்கி வெளியேறிவிடும்.

எந்த ஆணி?

வழவழப்பான ஆணியை மரத்தில் நிறுத்துவது உராய்வு மட்டுமே. மரம் நனைந்து பருத்து, உலர்ந்து சுருங்கும்போது இந்தப் பிடி தளரும். உடலில் வளைய வரிகள் வெட்டப்பட்ட ஆணியிலோ, மர இழைகள் வரிகளுக்குள் புகுந்து பூட்டிக்கொள்கின்றன. ஆனால், ஒட்டுப்பலகையின் விளிம்பு முகத்தில் எந்த ஆணியையும் அறையக் கூடாது. அங்கே ஆணி அடுக்குகளுக்கு இடையே ஆப்புப் போலப் புகுந்து அவற்றைப் பிரித்துவிடும்.

உலோகத் தேர்வு இதனினும் முக்கியம். இரும்பு துருப்பிடித்தால், துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொண்டு மரத்தைப் பிளக்கும். பித்தளையில் தாமிரமும் துத்தநாகமும் உள்ளன. கடல்நீரில் துத்தநாகம் அரித்து வெளியேற, பஞ்சு போன்ற தாமிரம் எஞ்சுகிறது; பார்வைக்கு முழுமையாகத் தோன்றும் திருகாணி விரலால் ஒடித்தாலே ஒடிந்துவிடும். துருப்பிடிக்காத எஃகைக் காப்பது அதன் மேலுள்ள மெல்லிய ஆக்சைடு படலம். அது நிலைக்க ஆக்சிஜன் வேண்டும். ஈர மரத்துக்குள் ஆக்சிஜன் குறைவாதலால், மறைந்துள்ள பகுதியில் அரிப்பு தொடங்கலாம். பெரும்பகுதி தாமிரமும் சுமார் 3 சதவீதம் சிலிக்கானும் கொண்ட சிலிக்கான் வெண்கலமே படகு கட்டுவோர் பெரிதும் நம்பும் உலோகம். ஒரே படகில் இரும்பையும் தாமிரக் கலவையையும் கடல்நீரில் தொடும்படி சேர்த்தால், அது ஒரு மின்கலமாகி இரும்பு விரைந்து கரையும்.

தையல் படகு

ஆணியின் வேலை பிடித்திருப்பது மட்டும்தான் என்றால், ஆணியே இல்லாமல் கட்ட முடியாதா? முடியும். 1963-இல் இங்கிலாந்தில் அறிமுகமான 'மிரர்' என்னும் சிறு பாய்மரப் படகு இவ்வகையைச் சேர்ந்தது. ஜாக் ஹோல்ட், பாரி பக்னல் ஆகியோர் வடிவமைத்த இப்படகின் நீளம் 3.3 மீட்டர். பலகைகளின் ஓரங்களில் துளையிட்டு, தாமிரக் கம்பியால் தைத்து, மூட்டின்மேல் கண்ணாடி இழை நாடாவைப் பிசினுடன் ஒட்டிவிடுவார்கள். பிசின் இறுகியதும் வெளியே தெரியும் கம்பியை வெட்டிவிடலாம். இவ்வகைப் படகுகள் 70,000-க்கு மேல் கட்டப்பட்டன. 1980-களில் கன்னியாகுமரிக் கடற்கரையிலும் ஒட்டுப்பலகை மீன்பிடி படகுகள் தைத்து ஒட்டும் முறையில் கட்டப்பட்டன.

தைப்பது நமக்குப் புதிதன்று. சோழமண்டலக் கரையின் மசூலாப் படகுகள் தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டவை. ஆனால் அவற்றில் தையலே விசையைத் தாங்கியது. அலை மோதும்போது படகு நெகிழ்ந்து கொடுத்தது. ஒட்டுப்பலகைப் படகிலோ தையல் தற்காலிகத் துணை, தாங்குவது பசை.

இதிலிருந்து ஒரு நடைமுறைப் பாடம் கிடைக்கிறது. பழைய ஒட்டுப்பலகைப் படகில் பலகை சட்டத்தை விட்டு விலகினால், கூடுதலாக நான்கு ஆணிகளை அறைந்து கடலுக்குப் போவது ஆபத்து. பசை விட்டுவிட்டது என்பதே அதன் பொருள். பலகையைக் கழற்றி, உலர்த்தி, சுரண்டி, மீண்டும் ஒட்டுவதே சரியான மருத்துவம்.